பரு வைத்த பீரங்கிகள்

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். குன்றத்தூர் சந்தையில் மூட்டை இறக்குகிறவர் அவர். அறுபது தாண்டியும் தினம் வேலைக்குப் போகிறார்.

"ரிட்டயரா? இன்னாடா சொல்ற? நானே இன்னும் மூட்டை தூக்கினு கீறேன்."

வீங்கிச் சிவந்திருந்த கைகள் இரண்டையும் நீட்டிக் காட்டினேன். வார்ப்பு வேலைக்கு ஊற்றும் ரெசின் என் உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டது, அதன் வாசனை பட்டாலே இனி மூச்சிரைக்கும், அந்த வேலைப் பக்கமே போகக் கூடாது என்று தாம்பரத்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அப்பா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பென்சன் வருமா?"

"வராதுப்பா."

"அப்ப அதுக்குப் பேரு ரிட்டயர் இல்ல. வேலை போச்சின்னு சொல்லு."

ஆனாலும் ஓய்வு என்றே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதலில் ஓய்வு பெற்ற ஆளாகவும் நானே இருந்துவிட்டுப் போகிறேன். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளன். கை வீக்கம் வடிந்துவிட்டது. நன்றாகத் தூங்குகிறேன்.

இதை எழுத வைத்தவள் ஸ்வேதா. நான் விட்டுவந்த மேஜையில் இப்போது உட்காருகிற பெண். போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணா, புதுசா ஒரு ஆப் வந்திருக்கு. பார்ட்டை போட்டோ எடுத்தா போதும், எந்த கிட், எந்த பார்ட்னு சொல்லிடுது. ஒரிஜினலா இருந்தா பச்சை டிக் போடுது. நீங்கல்லாம் இதைப் போய் கண்ணால பண்ணிட்டிருந்தீங்களா?"

"பச்சை டிக் வந்தா ரிப்போர்ட்ல என்ன எழுதுவே?"

"ஒரிஜினல்னு எழுதுவேன்."

"எது ஒரிஜினல்? பார்ட்டா, மாடலா?"

"அண்ணா, புதிர் போடாதீங்க. எனக்கு பஸ் வந்துடும்" என்று வைத்துவிட்டாள். பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வரும் விண்கலம், நீர்மூழ்கி, ராட்சத இயந்திரம் எல்லாம் பல படங்களில் மேஜைமேல் வைக்கிற அளவு சின்ன மாடல்கள்தான். மரத்திலும் பிளாஸ்டிக் தகட்டிலும் உடம்பைச் செய்துவிட்டு, அது பெரியதாகத் தெரிவதற்காக மேலே நூற்றுக்கணக்கான குட்டி உதிரிகளை ஒட்டுவார்கள். அந்த உதிரிகளை யாரும் புதிதாகச் செய்வதில்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட்டுகளிலிருந்து எடுப்பார்கள். கிட் என்றால், துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், நாமே ஒட்டிச் சேர்த்தால் டாங்கியாகவோ விமானமாகவோ ஆகும் பொம்மை. டாங்கியின் சக்கரம் விண்கலத்தின் கதவுப் பூட்டாகும். விமானத்தின் இருக்கை புகைபோக்கியாகும்.

ஷூட்டிங் நடுவில் மாடல் கீழே விழுந்து ஓர் உதிரி உடைந்தால், அதே உதிரியைக் கண்டுபிடித்து ஒட்டியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஷாட்டில் தெரிந்துவிடும். பழைய மாடல்களை வாங்கிச் சேர்க்கிறவர்களும் வருவார்கள். இது உண்மையிலேயே படத்தில் வந்ததா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: இந்த உதிரி எந்த கிட்டில் இருந்து வந்தது?

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வெர்னியர் காலிபரைச் சரியாகப் பிடிக்கத் தெரியும் என்கிற ஒரே தகுதியோடு அங்கே சேர்ந்தேன். கற்றுக்கொண்ட முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெட்டி அடுக்கினேன், தூசி தட்டினேன், அளந்தேன், தப்பாக அளந்தேன், மறுபடி அளந்தேன்.

உதிரி மேஜைக்குப் பொறுப்பு லிடியா மேடம். அதற்கு முன்பு குரோம்பேட்டையில் ஒரு பல் லேபில் வேலை பார்த்தவர். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், அதைப் பார்த்து இவர் பல் வார்ப்பார். அந்தப் பழக்கம் போகவே இல்லை. உதிரியைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பார்க்காமல் நான் ஏதாவது சொன்னால், "வாயைத் திறந்து பாத்தியா?" என்பார். அவ்வளவுதான். கத்த மாட்டார். தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார். உதிரியை மறுபடி என் முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதற்குத் திட்டியிருந்தாலே பரவாயில்லை என்று இருக்கும்.

அவருடைய முறை மாறவே மாறாது. முதலில் பல் டாக்டர் ஊசியால் தட்டிக் கேட்பது. கிட் உதிரி உள்ளே பொள்ளல், "டிக்" என்று கேட்கும். ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றி எடுத்த வார்ப்பு உதிரி கெட்டி, "தொக்" என்று கேட்கும். அடுத்து வெர்னியர். ரெசின் இறுகும்போது சுருங்கும், அதனால் வார்ப்பு எப்போதும் அசலைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்கும். கீழே டயர் கடையில் கம்ப்ரசர் ஓடினால் எங்கள் மேஜை நடுங்கும். அதனால் அளப்பதற்கு முன் மேடம் ஜன்னலில் எட்டி, "பாய், ரெண்டு நிமிஷம்!" என்று குரல் கொடுப்பார். கடைக்காரர் நிறுத்துவார். அப்புறம்தான் அளவு. மூன்றாவதாக டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்ப்பது. கிட் உதிரியின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும், வார்ப்பின் ஓரம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகே கிட் பெட்டியைத் திறக்கலாம். முதலிலேயே பெட்டிப் படத்தைப் பார்த்துவிட்டால் கண் அந்தப் படத்தையே தேடிக்கொண்டு திரியும் என்பார்.

தேடித் திரிந்த கதை ஒன்றும் உண்டு. ஒரு விளம்பரப் படத்துக்குச் செய்த ராக்கெட்டின் அடிப்பாகம் உடைந்து வந்தது. வட்டத் தட்டு, அதில் பூப்போல் சின்னச் சின்னத் துளைகள். ஜெட் விமானக் கிட்டுகள் அத்தனையையும் கிளறினேன். எதிலும் இல்லை. படப்பிடிப்பு ஆட்கள் போன்மேல் போன். ஒரு காலை, தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹோட்டலில் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே மாஸ்டர் மாவு பிழிவது தெரிந்தது. அவர் கழுவி வைத்த இடியாப்ப அச்சுத் தட்டைப் பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தத் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன்.

லிடியா மேடம் தட்டையும் ராக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி கோபி. இது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல, சமையல் டிபார்ட்மென்ட்" என்றார். அன்று முழுக்க அந்தத் தட்டைக் கடக்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு வராத கேஸ் அதற்குச் சில வருடம் கழித்து வந்தது.

படத்தின் பெயர் வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்த படம். கடலுக்குள்ளிருந்து ஒரு விண்கலம் எழும். எங்கள் வகுப்பில் எல்லோரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை வரைந்திருக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சினிமாப் பொருள்களுக்காக ஒரு கண்காட்சிக் கூடம் தொடங்கியவர்கள், அந்த விண்கலத்தை நடுக்கூடத்தில் வைக்க ஆசைப்பட்டார்கள். படத்தை எடுத்த கம்பெனியின் குடோனில் அது இருந்தது. கம்பெனியின் மேனேஜர் சேகர் சார் அனுப்பி வைத்தார்.

செய்தி பேப்பரில் வந்தது. இரண்டே நாளில் அஸ்தினாபுரத்திலிருந்து ஓர் அம்மா கண்காட்சிக்காரர்களைத் தேடிப் போய், படத்தில் வந்தது தன் வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பெயர் பிரேமா. அந்தப் படத்தின் ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் தினக்கூலிக்கு அச்சு ஊற்றியவர். படத்தின் டைட்டிலில் அவர் பெயர் கிடையாது.

இரண்டு கலங்களும் எங்கள் மாடிக்கு வந்தன. ஒன்று படத்தில் நடித்தது, மற்றது அதே வரைபடத்தைப் பார்த்துச் செய்தது. எது எது என்று நாங்கள் எழுதித் தர வேண்டும்.

சேகர் சாருக்குச் சந்தேகமே இல்லை. "மேடம், அந்தம்மா டெய்லி பேட்டாவுக்கு மோல்டு ஊத்துனவங்க. அவங்ககிட்ட எப்படி படத்துல வந்த ஹீரோ மாடல் போகும்? பின்னாடி ஒண்ணு டூப்ளிகேட் பண்ணி வெச்சிருக்காங்க. டூப்புன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, நான் போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்க வேண்டியிருக்கும். கம்பெனி பேரு கெட்டுப்போவுது பாருங்க."

பிரேமா அக்கா சொன்னது வேறு. ஷூட்டிங் முடிந்த அன்று, கழித்துக்கட்டும் சாமான்களோடு கலத்தையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார் ஆர்ட் டைரக்டர். மனசு கேட்காமல், ஒரு பழைய புடவையில் சுற்றி, மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து பீரோமேல் இருக்கிறது.

"எனக்கு இத்தை விக்கணும்னு இல்ல மேடம்" என்றார். "நான்தான் செஞ்சேன்னு இத்தினி வருசமா எங்க தெருவுல சொல்லினு கீறேன். ஒருத்தி நம்பல. சினிமாக்காரின்னு கிண்டல். இப்ப இந்த சாரு போலீசுன்றாரு. நீங்களும் டூப்புன்னு எழுதிட்டா அந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன்?"

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, டீ சாப்பிடுங்க" என்றார்.

கலத்தின் நீளம் ஒரு பெஞ்சு அளவு. இரண்டு விலாவிலும் வரிசையாகப் பன்னிரண்டு பன்னிரண்டு பெட்டிகள் ஒட்டியிருக்கும். படம் பார்க்கிறவர்களுக்கு அவை காற்றுப்போக்கிகள். உண்மையில் அவை ஒரு போர்க்கப்பல் கிட்டின் பீரங்கிகள், நீட்டிக்கொண்டிருக்கும் குழலை வெட்டிவிட்டு ஒட்டியவை. கிட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. எங்கள் அலமாரியிலேயே அந்தப் போர்க்கப்பல் ஒன்று இருந்தது. ஜப்பானில் செய்தது. இப்போது அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கம்பெனிக் கலத்தைத் தட்டினோம். இருபத்து நான்கும் டிக், டிக், டிக். அளவு அச்சுக் குத்தியது மாதிரி கிட்டோடு பொருந்தியது. ஓரமெல்லாம் கத்தி.

பிரேமா அக்காவின் கலத்தைத் தட்டினோம். தொக், தொக், தொக். வெர்னியரில் ஒரு மயிரிழை குறைவு. ஓரமெல்லாம் சோப்பு. இடது விலாவில் ஏழாவது மட்டும் டிக் என்றது.

"ஒண்ணே ஒண்ணு கிட் பார்ட்" என்றார் மேடம். "அதை வெச்சு மோல்டு எடுத்து மத்ததை ஊத்தியிருக்காங்க."

"அப்ப காப்பிதானே மேடம்?"

"காப்பி பண்றவங்க இப்படித்தான் பண்ணுவாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் மேஜையில் உட்கார்ந்த யாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். அசல் உதிரி எது, வார்ப்பு எது என்று பிரிப்பதே பிழைப்பாக இருக்கிறவனுக்கு, அசல் உதிரி இருக்கிற பொருள்தான் அசல் பொருள் என்று தோன்றிவிடும். கம்பெனிக் கலம் படத்தில் வந்தது, அஸ்தினாபுரத்துக் கலம் பின்னாளில் செய்த காப்பி என்று அறிக்கையை டைப் செய்து வைத்தேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் மேஜைமேல் வைத்தார். எப்போதும் ஓர் இரவு ஆறப்போட்டுத்தான் போடுவார். பிரேமா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் காலையில் வேறு வேலை. கலத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒரு விளக்கப் பலகை கேட்டிருந்தார்கள் கண்காட்சிக்காரர்கள். போர்க்கப்பல் பீரங்கி எப்படி விண்கலத்தின் காற்றுப்போக்கி ஆகிறது என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். அதற்கு ஏழெட்டு பீரங்கியாவது தேவை. கிட்டில் இருப்பதோ மூன்று. இன்னொரு கிட் எங்கும் கிடைக்காது. யோசிக்கவே இல்லை. ஒன்றை எடுத்து, சுற்றி சிலிக்கான் ரப்பர் ஊற்றி அச்சு எடுத்து, ரெசின் ஊற்ற ஆரம்பித்தேன்.

நாலாவதை இழுத்தபோது அவசரப்பட்டுவிட்டேன். அச்சின் உள்மூலையிலிருந்து ரப்பர் துணுக்கு ஒன்று பிய்ந்து வந்தது. அந்தப் பள்ளத்தில் ரெசின் போய் உட்கார்ந்ததால் ஐந்தாவது பீரங்கியின் மூலையில் ஒரு பரு. பள்ளம் கிழிந்துகொண்டே போனது. ஆறாவதில் பரு பெரிதானது.

அந்தப் பக்கம் வந்த மேடம் எட்டிப் பார்த்தார். "மூஞ்சியெல்லாம் பரு வெச்சிருக்கே. தேய்ச்சு எடு."

உப்புக் காகிதத்தைக் கையில் எடுத்தேன். தேய்க்கவில்லை. என் முன்னால் ஒரு கிட் பீரங்கியும், அதைப் பார்த்து ஊற்றிய ஆறு வார்ப்புகளும் இருந்தன. ஒன்று டிக், மற்றதெல்லாம் தொக். நான் யாரையும் ஏமாற்ற உட்காரவில்லை. என்னிடம் ஒரே கிட் இருந்தது, எனக்கு நிறைய பீரங்கி வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எழுந்து போய் பிரேமா அக்காவின் கலத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். முந்தின நாள் டார்ச் பிடித்தபோது மேல் ஓரங்களை மட்டும் பார்த்திருந்தோம். தடித்த பெயிண்டுக்குள் மறைந்திருந்தது, இப்போது கீழிருந்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விட்டது. பீரங்கிகளின் கீழ் வலது மூலையில் பரு. ஒன்றில் கடுகு அளவு, ஒன்றில் மிளகு அளவு. எல்லாம் ஒரே மூலையில். டிக் என்ற ஏழாவதில் மட்டும் இல்லை.

"மேடம், கொஞ்சம் வாங்க."

அவர் ஜன்னலில் எட்டி, "பாய், ரெண்டு நிமிஷம்!" என்றார். கம்ப்ரசர் நின்றது. நகத்தால் ஒவ்வொரு பருவையும் தடவிப் பார்த்தார்.

"அச்சு கிழிஞ்சிருக்கு. இதெல்லாம் வார்ப்புன்னு நமக்கு நேத்தே தெரியுமே கோபி?"

"தெரியும் மேடம். ஆனா படம் எடுத்தப்போ அவங்களுக்கு இருபத்து நாலு பீரங்கி வேணும். கிட்டுக்கு மூணுன்னா எட்டு கிட். அந்தக் காலத்துல மெட்ராஸ்ல எட்டு கிட்டுக்கு எங்க போவாங்க? யாராவது பாரின்ல இருந்து ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தாலே பெரிசு. அதுல இருந்த மத்த ரெண்டு வேற எதுக்காவது போயிருக்கும்."

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப கம்பெனி மாடல்?"

"கிட் தாராளமா கிடைச்ச காலத்துல நிதானமா செஞ்சதா இருக்கலாம். படத்தை மறுபடி ரிலீஸ் பண்ணப்ப ஊர் ஊரா காட்டுறதுக்கு."

மேடம் ஊசியால் ஒரு பீரங்கியைத் தட்டிப் பார்த்தார். "பல்லுல பாரு, வார்ப்புன்னா அது அப்புறம் வந்ததுதான். சந்தேகமே கிடையாது. அதே கணக்கை இங்க போட்டுட்டேன்." எழுந்து போய், நான் டைப் செய்து வைத்த அறிக்கையை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். "ஆனா இதுவும் இப்ப ஊகம்தான். படத்தோட வாயைத் திறந்து பாக்கணும்."

படத்தை மறுபடி வெளியிடுவதற்காக அதன் நெகட்டிவைப் புதிதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். கலம் கடலிலிருந்து எழுந்து நிற்கும் ஷாட்டை மட்டும் கொண்டுவரும்படி சேகர் சாரிடம் கேட்டார் மேடம். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"எதுக்கு மேடம்? அதான் முடிவாயிடுச்சே?"

"முடிவு நான் எழுதணும் சார். இன்னும் எழுதல."

சேகர் சார் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். பிரேமா அக்காவையும் வரச் சொல்லியிருந்தோம். கூடவே எதிர்வீட்டு சரோஜாவையும் கூட்டிவந்திருந்தார்.

"சும்மா தொணைக்கு வந்தேன்" என்றார் சரோஜா.

"வேடிக்கை பாக்க வந்தேன்னு சொல்லுடி" என்றார் பிரேமா அக்கா. இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

படத்தை ஓட விடுவதற்கு முன் மேடம் என்னைப் பார்த்தார். "இந்த அம்மா மாடல்ல, இடது பக்கம் வரிசையோட நடுவுல என்ன இருக்குன்னு சத்தமா சொல்லு. சார் கேக்கட்டும்."

"அஞ்சாவதுல சின்ன பரு. ஆறாவதுல பெரிசு. ஏழாவதுல இல்ல. எட்டாவதுல சின்னது. ஒன்பதாவதுல பெரிசு, பக்கத்துல ஒரு குட்டி."

"கம்பெனி மாடல்ல?"

"எதுலயும் இல்ல."

ஒரே அச்சில் ஊற்றியவை என்றால் வேறொரு கலத்திலும் அந்தப் பரு இருக்கலாம். ஆனால் எந்தப் பருவுக்குப் பக்கத்தில் எந்தப் பரு என்கிற வரிசை, ஒட்டியவர் கைக்கு வந்தபடி விழுந்தது. அது இன்னொரு கலத்தில் அப்படியே விழாது.

ஷாட் ஓடியது. கடல் பிளந்தது, கலம் எழுந்தது. ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தோம். எல்லாம் கலங்கல். கலம் அசைந்துகொண்டே இருந்ததால் விலா முழுக்க இழுத்துவிட்ட சாயம் மாதிரி இருந்தது. சேகர் சார் வாட்சைப் பார்த்தார். இதில் எதுவும் தெரியாவிட்டால் ஊகத்தை ஊகம் என்றுதான் எழுத வேண்டும். அது அந்த அம்மாவுக்கு உதவாது.

பிறகு கலம் நின்றது. கதவு திறப்பதற்கு முன் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு விளக்கு விலாவை ஒட்டி மெல்ல நகர்ந்து வருகிறது.

வெளிச்சம் ஐந்தாவதைத் தொட்டது. மூலையில் புள்ளியாக ஒரு நிழல். ஆறாவது. நிழல் பெரிதாக விழுந்தது. ஏழாவது வழுவழுவென்று கடந்து போனது. எட்டாவதில் புள்ளி. ஒன்பதாவதில் பெரியது, அதன் இடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

மேடம் எழுந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதலில் வாயைத் திறந்தது பிரேமா அக்கா. "ஐயே, இத்தையா பாத்துகினு கீறீங்க? இதுக்குத்தான் அன்னிக்கு ஆர்ட் டைரக்டரு எல்லார் எதுர்லயும் என்னை அந்தக் கத்து கத்துனாரு! ரப்பரு ஒரு டப்பாதான் வாங்கிக் குட்த்தாங்க. சீக்கிரம் சீக்கிரம்னு அவரே பறந்தாரு. காயறதுக்குள்ள இஸ்த்தேன், அச்சு கிழிஞ்சிபோச்சு. எல்லாத்தையும் தேச்சு எடுன்னாரு. எங்க தேய்க்கிறது? மேல பெயிண்ட அட்ச்சி ஒட்டி அனுப்சிட்டோம்."

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "இதை ஏம்மா மொதல்லயே சொல்லல? நாங்க எத்தனை தடவை கேட்டோம், ஏதாவது அடையாளம் இருக்கான்னு?"

"நல்லா கேட்டீங்க மேடம். வேலையில கோட்டை விட்டேன்னு நானே வந்து சொல்வனா?"

முதலில் சிரித்தது சரோஜா. அப்புறம் மேடம். சேகர் சாரும் சிரித்துவிட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது சேகர் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது படத்துல வந்ததுன்னா, சட்டப்படி இது கம்பெனியோட..."

"எட்த்துக்க சார்" என்றார் பிரேமா அக்கா. "வருசா வருசம் பொங்கலுக்கு பீரோ மேலருந்து எறக்கி தூசி தட்றதே பெரிய பேஜாரு. வூடு ஒரு சாண் கூடும். ஆனா செஞ்சது யாருன்னு பேரு போடணும். அதுவும் தமிழ்ல போடணும், இவ படிக்கிற மாதிரி."

"போட்டுடலாம்மா."

"அந்த போலீஸ் கம்ப்ளெயின்ட்டு?"

"எந்த கம்ப்ளெயின்ட்டு?" என்றார் சேகர் சார்.

அன்று சாயங்காலம் குன்றத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்த உடனே தூங்கியவன், பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்று கண்டக்டர் தோளைத் தட்டிய பிறகுதான் விழித்தேன். அப்படி ஒரு தூக்கம் அந்த வேலையில் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

கண்காட்சிக்கு அனுப்பும் முன் கலத்தைச் சுத்தம் செய்யும் வேலையும் எங்களுக்கே வந்தது. பெயிண்ட் தீட்ட வெளியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. மேடம் ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, பேனாவால் 'தேய்க்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி இடது விலாவில் ஒட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு வலது விலாவிலும் ஒன்று ஒட்டினார். ஸ்வேதா, அந்த ஆப்பை வைத்து நாங்கள் அன்றைக்குப் பார்த்திருந்தால் கம்பெனிக் கலத்துக்கு இருபத்து நான்கு பச்சை டிக் வந்திருக்கும். இந்தக் கலத்துக்கு ஒன்று. ஆப் தப்பாகச் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்டது உதிரியைப் பற்றி.

திறப்பு நாளன்று பிரேமா அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தார். தெருவில் பாதிப் பேரை வேன் வைத்துக் கூட்டிவந்திருந்தார். கலம் கண்ணாடிப் பெட்டிக்குள் நடுக்கூடத்தில் இருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் தமிழில் அவர் பெயர். ஒருவர் மாற்றி ஒருவர் அதை வாய்விட்டுப் படித்தார்கள். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றார்.

கண்ணாடிமேல் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சரோஜா நிமிர்ந்தார். பருவைப் பற்றி அன்று பேசியது அதற்குள் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இன்னா பிரேமா, எல்லாம் நல்லாதான் செஞ்சிருக்க. மூலைக்கு மூலை இன்னாவோ பரு மாதிரி கீதே, அது இன்னாது?"

"அதுவா?" என்றார் பிரேமா அக்கா. "அதான் நானு."